ரெண்டாவது அழுகை நல்லா இருந்துச்சாம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுறேன். நீ அங்க சளி இருமல் இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி நல்லபடியா இருக்கணும். இங்க அப்பா நல்லா இருக்கார், நான் நல்லா இருக்கேன், மூணாவது ஆளு நல்லா இருக்காளான்னு கேட்டா அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது, அதுக்குத்தான் இந்தக் கடிதம். போன்ல சொல்லியிருக்கலாமேன்னு நினைப்ப. போன்ல நான் ஒண்ணு சொல்றதுக்குள்ள நீ, நான் சொல்றதைக் கேளும்மான்னு ஒன்பது சொல்லுவ. அது போக நம்ம வீட்டுல ஒரு ரூம்ல பேசினா அடுத்த ரூம்ல டிவி சத்தத்தையும் மீறிக் கேக்கும், இது உன் தங்கச்சி காதுல விழக்கூடாத விஷயம், வேன்ல இருந்து கூப்பிடலாம்னா அந்த நேரம் நீ வேலையில இருப்ப. உன்கூட வேலை செய்யிற வெல்டர் தம்பி லீவு முடிஞ்சு நாளைக்குக் கிளம்புறாராம், அவர் கையில கொடுத்து விடுறேன். பிள்ளைங்களை ஸ்கூல்ல இறக்கி விட்டாச்சு, சாயங்காலம் திரும்ப ஏத்துற வரைக்கும் வேன் நிழல்ல நிக்குது, ஸ்டியரிங் மேல அட்டையை வச்சு எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா கோவத்துல இருக்கேன்னு நினைச்சுக்காதே. கோவத்துலயும் தான் இருக்கேன், அது வேற.

முதல்ல வீட்டுச் சேதியைச் சொல்லி முடிச்சிடுறேன், இல்லைன்னா மறந்துடும். அப்பா பிரஸ்ல பேப்பர் வெட்டுறதுக்குப் புது மெஷின் வந்திருக்கு, கை கிட்ட போனாலே தானா நின்னுடுமாம், அதை அவர் ஏதோ அவமானம் மாதிரி சொல்றார். என் வேன்ல கிளட்ச் மாத்தியாச்சு. பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ ஒழுகிட்டிருந்த பைப்பை அப்பாவே சரி பண்றேன்னு உக்காந்து, சொட்டு சொட்டா ஒழுகினதை இப்ப கொட்டுற மாதிரி பண்ணி வச்சார், அப்புறம் பிளம்பர் வந்தார். நீ அனுப்பின கம்பளிச் சட்டை அவருக்கு வயித்துக்கிட்ட பத்தல, ஆனா அதைச் சொல்ல மாட்டேங்கிறார், மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் போட்டுக்கிறார். சரி, இப்ப விஷயத்துக்கு வரேன்.

அந்த டிவி பேட்டி எப்படி ஆரம்பிச்சதுன்னு உனக்கு ஞாபகம் இருக்கோ இல்லையோ எனக்கு இருக்கு. உன் தங்கச்சி பளு தூக்குறதுல தங்கம் வாங்கிட்டு வந்த வாரமே அந்த சேனல்காரங்க கூப்பிட்டாங்க. முடியாதுன்னுட்டா. மறுபடி கூப்பிட்டாங்க, மறுபடியும் முடியாதுன்னுட்டா. எனக்குப் பேச வராது, தூக்கத்தான் வரும்னு சொன்னா. அத்தோட போயிருக்கும். மகராசன் நீதான் குடும்ப குரூப்ல வந்து, ஒரே ஒரு தடவை டிவியில வாடி, இங்க ரூம்ல இருக்கிற பயலுங்க என் தங்கச்சின்னு சொன்னா நம்பவே மாட்டேங்கிறானுங்க, நான் தலை நிமிர்ந்து நடக்கணும்னு எழுதின. அண்ணன் வாய் விட்டுக் கேட்டுட்டானேன்னு அவ சரின்னா. இதை நீ நல்லா மனசுல வச்சுக்கிட்டு மேல படி. வேலியில போன ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டது நாமதான்.

வந்தாங்க ஒரு பட்டாளம். பேட்டி எடுக்கிறவன் ஒருத்தன், பின் பாக்கெட்டுல சீப்பு, ஒரு கேள்வி கேக்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை தலை சீவுவான், பதிலைக் கேட்டதும் ஒரு தடவை சீவுவான். அப்பா அவனுக்கு சீப்புன்னே பேர் வச்சுட்டார். சீப்பு உள்ள வந்ததும் வீட்டைச் சுத்திப் பார்த்துட்டு மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டான். என்ன தம்பின்னு கேட்டா, வீடு கொஞ்சம் நல்லா இருக்கும்மா, நாங்க வேற மாதிரி எதிர்பார்த்தோம்கிறான். நான் என்ன, மன்னிச்சிடுப்பா, அடுத்த தடவை நீ வர்றதுக்குள்ள கூரையைப் பிரிச்சு வைக்கிறேன்னா சொல்ல முடியும். வாஷிங் மெஷின் மேல பெட்ஷீட்டைப் போட்டு மூடினாங்க. சோபாவை வெளிய தள்ளினாங்க. அப்பாவைத் தரையில உக்காரச் சொன்னாங்க. கிழிஞ்ச சட்டை இருக்கா சார்னு கேட்டான். இல்லைன்னு அப்பா சொன்னார், வேணும்னா எங்க பிரஸ்ல கட்டிங் மெஷின் இருக்கு, நீங்க போட்டிருக்கிற சட்டையைக் கொண்டுவாங்க, நிமிஷத்துல கிழிச்சுத் தரேன்னார். உங்க அப்பாவுக்கு வாயே இல்லைன்னு ஊர் சொல்லும், தேவைப்படுற அன்னைக்கு எங்கயோ இருந்து எடுத்துக்கிட்டு வந்துடுவார். என்னை நான் வேன் ஓட்டுற மாதிரி எடுக்கிறியான்னு கேட்டேன். அம்மான்னா அடுப்புக்கிட்ட நின்னாத்தான்மா பாக்குறவங்களுக்கு ஒட்டும்னான். சமைக்க ஒண்ணும் இல்ல, காலைச் சாப்பாடு முடிஞ்சு பாத்திரம் கழுவியாச்சுன்னு சொன்னேன். பரவாயில்லம்மா, காலிச் சட்டியைக் கிண்டுங்க, உள்ள என்ன இருக்குன்னு தெரியவா போகுதுன்னான். கிண்டினேன்டா. அந்த வெறும் சட்டி கருகி, இன்னைக்கு வரைக்கும் தேய்ச்சுக்கிட்டு இருக்கேன்.

உன் தங்கச்சிக்கு ஒரு ரோஸ் கலர் கவுன் கொண்டுவந்திருந்தாங்க, கையில பூப்பூவா. அவ தோளுக்கு அது ஏறவே இல்ல, பின்னாடி ஊசி குத்தி நிறுத்தினாங்க. உங்க ரூம்ல கரடி பொம்மை இல்லையாமான்னு கேட்டான். இவ, என் ரூம்ல பெரிய ரப்பர் பெல்ட்டு இருக்கு, உருட்டுற கட்டை இருக்குன்னா. அவன் போய் அவங்க வண்டியில இருந்தே ஒரு கரடியை எடுத்துட்டு வந்து கட்டில்ல வச்சான். ஊர் ஊரா அந்தக் கரடியைத் தூக்கிக்கிட்டுத்தான் திரியுறாங்க போல, எத்தனை பொண்ணுங்க கட்டில்ல உக்காந்துச்சோ அது. அப்புறம் ஆரம்பிச்சான் கேள்வியை. சமைக்கத் தெரியுமா. கண்ணாடி முன்னாடி எவ்வளவு நேரம் நிப்பீங்க. கை இப்படிக் காய்ச்சுப் போயிருக்கே, கிரீம் போட மாட்டீங்களா. கல்யாணம் பண்ணிக்கப் போறவர் பயப்பட மாட்டாரா. கடைசியா எப்ப அழுதீங்க. அப்பாவைக் கட்டிப் பிடிச்சு ஒரு தடவை அழுதுட்டா நல்லா இருக்கும். இவ எல்லாத்துக்கும் இல்ல, தெரியாது, யோசிக்கலன்னு சொல்லிக்கிட்டே வந்தா. அவளா ஒண்ணே ஒண்ணுதான் சொல்ல ஆரம்பிச்சா, ரெண்டாவது தூக்குல முட்டி மடங்கி எழுந்திருக்கிற இடத்துல எனக்கு ஒரு வருஷமா ஒரு தப்பு இருந்துச்சு, அதை எப்படி சரி பண்ணினேன்னு. சொல்லும்போது கண்ணு ரெண்டும் பளிச்சுன்னு ஆச்சு. சீப்பு உடனே கேமராக்காரனைப் பார்த்து, இது வேணாம், டெக்னிக்கல், தூங்கிடுவாங்கன்னான். இவ போற ஜிம்லயே இருக்கிற நெட்டையனைப் போன மாசம் இதே சீப்புதான் பேட்டி எடுத்தான். அவன் வெள்ளிதான் வாங்கினான், தப்பில்ல, நல்ல பையன்தான். அவன்கிட்ட எவ்வளவு எடை, யார் போட்டி, என்ன சாப்பாடு, அடுத்த குறி என்னன்னு பதினஞ்சு நிமிஷம் கேட்டான். நெட்டையன் கை என்ன பட்டாலயா செஞ்சிருக்கு, அவன் கையும்தான் காய்ச்சிருக்கு, அவனுக்கு யாரும் கிரீம் சொல்லலையே. ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பு.

இப்ப நீ விழுந்து விழுந்து சிரிச்சியே, அந்த இடம். ஜிம்முக்கு வாங்க, அங்க நிஜ ராடு இருக்கு, தூக்கிக் காட்டுறேன்னு இவ கூப்பிட்டா. ஜிம்ல வெளிச்சம் சரியில்லையாம். அவங்களே ஒரு ராடு கொண்டுவந்திருந்தாங்க. ராடு இல்லடா அது, பிளாஸ்டிக் பைப்புக்கு வெள்ளி பெயிண்ட். ரெண்டு பக்கமும் மாட்டியிருந்த பிளேட்டு தெர்மாகோல், கறுப்பு அடிச்சு எண் எழுதினது. என் சுண்டு விரல்ல தூக்கலாம். இவ தொட்டுப் பார்த்துட்டு சிரிச்சா, இதை எப்படி சார் தூக்கிறதுன்னா. நிஜம்னு நினைச்சுக்கிட்டு முழு பலத்தோட இழுங்க, மூஞ்சியில அந்தக் கஷ்டம் தெரியணும்னான். சொன்னபடி செய்யிற பிள்ளை. காலை அகட்டி வச்சா, பிடியைப் பிடிச்சா, மூச்சை அடக்கினா, அவ்வளவுதான், அந்த உடம்புக்கு அதுக்கப்புறம் இது பொய்யின்னு யாரும் சொல்லி வைக்கல. எட்டு வருஷமா அப்படி நின்னா என்ன வரும்னு அதுக்குத் தெரியும். இழுத்தா பாரு, பைப்பு பறந்து வந்து தாடையில அடிச்சு, இவ பின்னாடி போய் பொத்துன்னு உக்காந்தா, கவுன் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். தண்ணி நிறைய இருக்குன்னு நினைச்சு காலி கேனை நீ வேகமாத் தூக்கிப் பாரு, தெரியும். பளு தூக்கத் தெரியாதவ யாரும் அப்படி விழ மாட்டா, தெரியாதவ அந்தப் பைப்பை சும்மா எடுத்துத் தலைக்கு மேல பிடிச்சுட்டுப் போயிருப்பா. தெரிஞ்சவளா இருந்ததுனாலதான் விழுந்தா. இவ கீழ உக்காந்தபடியே, வெறும் பைப்பு சார், அதான்னு சொல்லி சிரிக்கவும் செஞ்சா. தாடையில ரத்தம் வந்துச்சு. சீப்பு ஓடிவந்து, ஐயோ இதெல்லாம் போட மாட்டோம்மா, எங்கம்மா மேல சத்தியமான்னான். பெத்தவ எங்கயோ நிம்மதியா இருக்கா, அவளை இழுத்து நடுவுல நிறுத்தி சத்தியம் பண்ணினான்.

போட்டாங்க. அதை மட்டும்தான் ஒழுங்காப் போட்டாங்க. மூணு தடவை, மெதுவா, பின்னாடி வாத்து கத்துற சத்தம். வெறும் பைப்புன்னு அவ சொன்னது இல்ல, ரத்தம் இல்ல. அதுக்கு முன்னாடி ஒருத்தி சோகமா, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கே வழியில்லாத குடும்பம்னு பின்னால பேசுறா. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவளுக்கு எங்க இருந்துடா அந்தத் தோள் வந்துச்சு, காத்தைக் குடிச்சா. காலையில இவ சாப்பிடுற முட்டைக்குக் கடைக்காரர் என்னை ஹோட்டல் வச்சிருக்கேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். மறுநாள் வேன்ல வர்ற ஒரு பிள்ளையோட அம்மா பழைய துணி ஒரு மூட்டை கொண்டுவந்து கண்ணு கலங்கக் கொடுத்தாங்க. வேணாம்னு சொன்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு வாங்கிக்கிட்டேன், வேன் துடைக்க நல்லா இருக்கு. வேன்ல பிள்ளைங்க வேற ஸ்கூல் பையைத் தூக்குற மாதிரி தூக்கி, பொத்துன்னு விழுந்து விழுந்து விளையாடுதுங்க, வாத்துச் சத்தத்தோட. அதுங்க பிள்ளைங்க, டிவி சொல்லிக் கொடுத்ததைச் செய்யுதுங்க. ஓரமா வண்டியை நிறுத்தி, இனிமே யாராவது வாத்து மாதிரி கத்தினா இறக்கி விட்டுட்டு போயிடுவேன்னு சொன்னேன், அடங்கிச்சுங்க. வீடியோவுக்குக் கீழ எழுதுறவன் எழுதுறான், பஞ்சைத் தூக்க முடியாதவ தங்கம் எப்படி வாங்கினான்னு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. அதையெல்லாம் அவ பார்த்தா, பார்த்துட்டு போனைக் கவுத்து வச்சுட்டு சாப்பிட்டா. நல்லா சாப்பிட்டாடா அன்னைக்கு. அப்புறம் நம்ம குரூப்ல நீ வந்த. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிக்கிற மூஞ்சி வரிசையா ஏழெட்டு. அதுக்குக் கீழ, ஏன் மூஞ்சியை உர்ருன்னு வச்சிருக்க, ரெண்டு வார்த்தை சிரிச்சுப் பேசினா குறைஞ்சா போயிடுவ, எங்க ரூம்ல எல்லாரும் பார்த்தோம்னு எழுதியிருந்த. உனக்குப் பைப்பு விஷயம் தெரியாது, ஒத்துக்கிறேன். கேட்டிருக்கலாம். எட்டு வருஷமா தூக்குறவ எப்படி விழுவா, அடி பட்டுச்சான்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். ஊர்ல எவனும் கேக்கலைன்னா எனக்கு என்ன. நீ ஊரா.

அடுத்த நாள்ல இருந்து அவ ஜிம்முக்குப் போகல. வெளிநாட்டுப் போட்டிக்கு ஆள் எடுக்கிற தேர்வு இந்த ஞாயித்துக்கிழமை, அதுக்கும் போக மாட்டேன்னுட்டா. வருஷம் பூரா இதுக்காகத்தான் உயிரை விட்டா, இப்பத் தவறவிட்டா அடுத்தது மூணு வருஷம் கழிச்சு. நான் கத்திப் பார்த்தேன், அப்பா கெஞ்சிப் பார்த்தார், சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டா. கடைசியில அவளோட கோச்சு வந்தாங்க, உனக்குத் தெரியுமே, மாஸ்டரம்மா, கத்திப் பேசினா தெருவே திரும்பிப் பார்க்கும். அவங்களும் ஒரு பாட்டம் கத்துவாங்கன்னு நாங்க காத்துக்கிட்டு இருந்தோம். அவங்க வாசல்லயே நின்னுக்கிட்டு, ஜிம் சாவி உன்கிட்ட இருக்கு, பிள்ளைங்கள்லாம் ரோட்டுல நிக்குது, கொடுன்னாங்க. விடிகாலையில ஜிம்மைத் திறக்கிறது இவ வேலைதானே. எழுந்து சாவியை எடுத்தா. நீட்டினவ நீட்டினபடியே நின்னா. அந்தப் பூட்டு லேசுல திறக்காது, கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும், உங்களுக்கு வராதுன்னு சொல்லிட்டு செருப்பை மாட்டிக்கிட்டு அவளே போனா. போனவ அன்னைக்கு சாயங்காலம்தான் வந்தா, கையெல்லாம் ராடு வழுக்காம இருக்கப் பூசுற வெள்ளைப் பவுடர். நான் தட்டைப் போட்டேன். தேர்வுக்குப் போறேன், ஆனா தூக்கி முடிக்கிற வரைக்கும் எந்த மைக்கும் என் கிட்ட வரக்கூடாதுன்னா. மாஸ்டரம்மா போட்டி நடத்துறவங்ககிட்ட பேசி, சரின்னு வாங்கிட்டு வந்தாங்க. வீட்டுல கொஞ்சம் மூச்சு விட்டோம்.

இந்த நேரத்துலதான் நேத்து சீப்பு எனக்குப் போன் பண்றான். குரல்ல தேன் ஒழுகுது. அம்மா, போன தடவை கொஞ்சம் தப்பாப் போச்சு, அதை நாங்களே சரி பண்ணப் போறோம், விழுந்தவள் எழுந்தாள்னு ரெண்டாவது பாகம் எடுக்கிறோம்கிறான். தள்ளி விட்டவனே எழுந்தாள்னு படம் காட்டுறான், ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை. ஞாயித்துக்கிழமை முதல் தூக்கு முடிஞ்சு ரெண்டாவதுக்கு முன்னாடி ஒரு இடைவேளை வரும்ல, அப்ப மண்டபத்துல இருக்கிற பெரிய திரையில உன் மூஞ்சி வருமாம். நீ அங்க இருந்து நேரடியா அழுதுக்கிட்டே மன்னிப்பு கேப்பியாம். இவளுக்கு முன்கூட்டி சொல்ல மாட்டாங்களாம், இவ மூஞ்சியைத்தான் நாலு கேமரா பாத்துக்கிட்டு இருக்குமாம். என் பையன் இதுக்கெல்லாம் ஒத்துக்க மாட்டான்னு நான் சொன்னேன். நெஞ்சை நிமித்திக்கிட்டு சொன்னேன்டா. அவன் சிரிச்சுட்டு, உங்க பையன் அப்பவே ஓகே சொல்லிட்டாரும்மா, நாங்க எழுதிக் கொடுத்ததை மனப்பாடமே பண்ணிட்டாரு, ரெண்டு தடவை அழுதும் காட்டினாரு, முதல் தடவை கொஞ்சம் ஒட்டல, ரெண்டாவது அழுகை நல்லா இருந்துச்சுன்னான். எனக்கு வண்டியை நடுரோட்டுல நிறுத்தின மாதிரி ஆயிடுச்சு. முதல் அழுகை ஏன் ஒட்டலன்னு எனக்கு இன்னும் விளங்கல. தங்கச்சியை நினைச்சு அழுதியா, அதான் நல்லா வரலையா. ரெண்டாவதுக்கு யாரை நினைச்சுக்கிட்ட.

உன்னை எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்ல, தங்கச்சி மேல உயிரா இருக்கிறவன்தான். நாலு பேர் முன்னாடி சிரிச்சுட்டோம், நாலு பேர் முன்னாடியே மன்னிப்பு கேட்டா கணக்கு தீர்ந்துடும்னு நினைச்சிருப்ப. ஆனா அந்த இடைவேளை என்னன்னு உனக்குத் தெரியாது. நான் ரெண்டு போட்டிக்குப் போயிருக்கேன், பார்த்திருக்கேன். அந்த நேரத்துல அவ யார்கிட்டயும் பேச மாட்டா. ஒரு நாற்காலியில தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பா, அவ பேரைச் சொன்னாக்கூட காதுல விழாது, மாஸ்டரம்மா முதுகுல தட்டினா எழுந்திருப்பா. அதுக்கப்புறம் மேடையில போய்ப் பிடிக்கப் போறது பெயிண்ட் அடிச்ச பைப்பு இல்ல, இரும்பு. தோள் வரைக்கும் ஏத்தி, அங்க இருந்து தலைக்கு மேல தள்ளணும். நெஞ்சு அடைச்சு ஒரு மூச்சு தப்பிச்சுன்னா அது கழுத்துல வந்து இறங்கும். கேலிக்கு சொல்லல, மாஸ்டரம்மா சொல்லும்போது அவங்க குரலே கீழ இறங்கிடுச்சு. நான் விஷயத்தைச் சொன்னதும் அவங்க போய் நடத்துறவங்ககிட்ட சண்டை போட்டாங்க. மண்டபத்துக்கு லைட்டு, திரை எல்லாம் அந்த சேனல் போட்டுக் கொடுக்குதாம், அதனால போட்டி நடத்துற ஆளு, நாங்க மைக்கு வேணாம்னுதானே ஒத்துக்கிட்டோம், அண்ணன் தங்கச்சிகிட்ட பேசுறது எப்படிப் பேட்டி ஆகும்னு கேக்குறானாம். முழுப் பூசணிக்காயை சோத்துல மறைக்கிறான். இவகிட்ட முன்னாடியே சொல்லிடலாம்னா, அண்ணனும் அவங்களோட சேர்ந்துட்டான்னு தெரிஞ்சா மறுபடி சுவத்தைப் பார்த்துப் படுத்துடுவா, அது எனக்கு நிச்சயமாத் தெரியும். ஆக, நிறுத்த முடிஞ்சவன் நீ ஒருத்தன்தான். நீ முடியாதுன்னு ஒரு வார்த்தை சொன்னா அவன் சர்ப்ரைஸ் யாரை வச்சு நடத்துவான், அந்தக் கரடியை வச்சா.

சொன்னா சீப்பு உன்னை விட மாட்டான், தேன் தடவுவான், இல்லைன்னா மிரட்டுவான், உங்க தங்கச்சிக்குத்தான் நல்ல பேரு, சிரிச்ச மூஞ்சியா நாலு பேர் பார்த்தா விளம்பரம் வரும்பான். விளம்பரம் வந்து அவ மூஞ்சியில சோப்பு போட்டுக்கிட்டு நிக்கணுமா. உர்ருன்னு இருக்கான்னு எழுதினியே, அது உர்ரு இல்லடா, அதுதான் அவ வேலை செய்யிற மூஞ்சி. நீ வெல்டிங் பண்ற இடத்துல போய் ஒருத்தன், தம்பி கொஞ்சம் சிரிச்சுக்கிட்டே பத்த வைங்கன்னு சொன்னா கையில இருக்கிறதை அவன் மேல எறிஞ்சிருப்ப. நான் வேனை ரிவர்ஸ் எடுக்கும்போது என் மூஞ்சியைப் பார்த்திருக்கியா, பிள்ளைங்களே பயப்படும். யாரும் என்னை ஏன் சிரிக்கலன்னு கேக்கல, ஏன்னா பின்னாடி சுவர் இருக்குன்னு எல்லாருக்கும் தெரியுது. இவளுக்கு மட்டும் எதுக்கு.

அழுகை வேணும் அழுகை வேணும்னு அந்த சீப்பு அலையுறானே, அவ அழுதா. உன் சிரிப்பு மூஞ்சியெல்லாம் வரிசையா வந்துச்சே, அதைப் பார்த்துட்டு எழுந்து சமையல்கட்டுக்குப் போய், குழாயை முழுசாத் திறந்து விட்டுட்டு, கழுவின தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கிட்டு அழுதா. தண்ணிச் சத்தத்துல எங்களுக்குக் கேக்காதுன்னு நினைச்சா. அப்பா எழுந்திருக்கப் போனார், நான் கையைப் பிடிச்சு உக்கார வச்சேன். ஊரே சிரிச்சதுக்கு அழாதவ ஒருத்தன் சிரிச்சதுக்கு அழுதா. அந்த அழுகையை எந்தக் கேமராவும் எடுக்கல, எடுத்திருந்தா அவனுக்கு ஒரு தடவையே போதும், ரெண்டாவது தேவைப்பட்டிருக்காது. அதுக்குத்தான் நீ பதில் சொல்லணும், அவ ஒருத்திக்கு மட்டும் கேக்குற மாதிரி, எழுதிக் கொடுத்ததை ஒப்பிக்காம, உனக்கு வர்ற மாதிரி. திக்கினாலும் பரவாயில்ல. அழுகை வரலைன்னாலும் பரவாயில்ல. எப்ப சொல்லலாம்னு கேட்டா எனக்குத் தெரியாது, அவ தூக்கி முடிச்சதுக்கு அப்புறம், அவ காது கொடுக்கிற அன்னைக்கு.

ஸ்கூல் வாசல்ல ஒவ்வொரு வண்டியா வந்து நிக்குது, மணி அடிக்கப் போகுது, முடிக்கிறேன். குளிர் அதிகம்னு வெல்டர் தம்பி சொன்னார், காதை மூடிக்கிட்டு வெளிய போ, வெறும் வயித்துல காபி குடிக்காதே. உன் மேல கோவமா எழுதினேன்னு சாப்பிடாம இருந்துடாதே, திட்டினவளும் சாப்பிட்டுட்டுத்தான் எழுதுறா. நீயும் அவளும் ஒருத்தருக்கு ஒருத்தர் துணையா, நாங்க இல்லாத காலத்துலயும் நல்லா இருக்கணும், அதுக்கு மேல கேக்க எனக்கும் அப்பாவுக்கும் ஒண்ணும் இல்ல. ஒண்ணு மட்டும் மறந்துடாதே. இந்தக் கடிதம் கைக்கு வந்த உடனே அந்த சீப்புக்கு முடியாதுன்னு சொல்லிடு, ஞாயித்துக்கிழமை எந்த நம்பர்ல இருந்து கூப்பிட்டாலும் போனை எடுக்காதே. பெத்த தாய் பிள்ளைகிட்ட போனை எடுக்காதேன்னு சொல்றது உலகத்துலயே இதுதான் முதல் தடவையா இருக்கும். எல்லாம் முடிஞ்சு அவ கூப்பிட்டா மட்டும் எடு. கூப்பிடலைன்னா நீயா கூப்பிடாதே, காத்துக்கிட்டு இரு.

உன் அம்மா